எந்த மெஷின், எந்த ஷிஃப்ட்? ஆலைச் செவிலியர் பணி: வாசகர் கேள்வி பதில்

*ஜி.என்.எம். முடித்து நான்கு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தேன். இப்போது கார் உதிரிபாக ஆலை ஒன்றில் ஓ.எச்.சி. (ஆலைக்குள் உள்ள தொழில்சார் சுகாதார மையம்) நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இதற்குத் தனிப் படிப்பு வேண்டுமா? முதலில் எதைக் கற்றுக்கொள்வது?*
– ஸ்டாஃப் நர்ஸ், ஸ்ரீபெரும்புதூர்

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்ஸிங்கும், மாநில நர்ஸிங் கவுன்சிலில் நடப்பிலுள்ள பதிவும் இருந்தால் வேலையில் சேரலாம். ஏ.எஃப்.ஐ.எச். என்று அடிக்கடி காதில் விழுவது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான மூன்று மாதத் தொழில்சார் சுகாதாரப் படிப்பு. அதை நர்ஸுக்கும் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் குறுகிய பயிற்சிகளை ஆலை மூலம் விசாரித்துப் பாருங்கள். செயின்ட் ஜான் முதலுதவிச் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அது உங்களுக்கு மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிலரிடம் இருக்க வேண்டும்.

ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்த்த கைக்கு இங்கே உள்ள சிகிச்சை எளிது. கற்க வேண்டியது வேறு. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். ஆலைக்குள் அந்தக் கேள்வியையும் இன்னும் உடைத்துக் கேட்க வேண்டும். எந்த லைன், எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எத்தனை நாளாக, லீவு நாளில் குறைகிறதா, பக்கத்தில் நிற்பவருக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில் புரிய வேண்டுமானால் ஷாப் ஃப்ளோரைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மாதம் தினம் 45 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று நடங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, உள்ளே வரும் பொருள், வெளியே போகும் பொருள், சத்தம், தூசி, சூடு, என்ன கெமிக்கல், எத்தனை பேர், கண் கழுவும் குழாய் எங்கே, ஸ்ட்ரெச்சர் எந்த வழியாகப் போகும் என்று குறியுங்கள். வாரம் ஒருமுறையாவது இரவு ஷிஃப்டிலும் நடக்க வேண்டும். பகலில் ஓடும் எக்ஸாஸ்ட் விசிறியை இரவில் குளிருக்காக அணைத்து வைத்திருப்பார்கள்.

கெமிக்கல் ஒவ்வொன்றுக்கும் எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தாள் ஸ்டோரில் இருக்கும். அதில் 16 பகுதிகள். உங்களுக்கு 4-ஆம் பகுதி முதலுதவி, 8-ஆம் பகுதி கையுறை, முகமூடி போன்றவை, 11-ஆம் பகுதி உடலில் என்ன செய்யும் என்பது. சிக்கல் பெயரில்தான் வரும். தாளில் ஒரு நீளமான வேதிப்பெயர் இருக்கும், தொழிலாளி ‘அந்த நீலக் கேன் தண்ணி சிஸ்டர்’ என்பார். ஃப்ளோரில் வழங்கும் பெயருக்கும் தாளில் உள்ள பெயருக்கும் ஒரு அகராதி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பட்டியலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணில் பட்டால் அன்றே கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீத ஜெல் வாங்கச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்யும் பிக்ளிங்கில் இது வரும். மேல்தோலில் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

*பனியன் கம்பெனியில் தினம் நாற்பது பேர் வருகிறார்கள். தலைவலி, தோள்வலி, நீர்க்கடுப்பு. மாத்திரை கொடுப்பதிலேயே நாள் போய்விடுகிறது. சிலர் ஊசிதான் வேண்டும் என்கிறார்கள்.*
– செவிலியர், திருப்பூர்

ஓ.பி. ரெஜிஸ்டரை நோண்டுங்கள். பெரும்பாலான ஆலைகளில் பெயர், டோக்கன் நம்பர், என்ன தொந்தரவு, என்ன மாத்திரை, கையெழுத்து என்பதோடு முடிந்துவிடும். இரண்டு கட்டம் கூட்டுங்கள். ஒன்று, பிரிவும் செய்யும் வேலையும். இன்னொன்று, வந்த நேரம். மாதக் கடைசியில் பிரிவுவாரியாக எண்ணி, அந்தப் பிரிவில் உள்ள ஆட்களால் வகுங்கள். செக்கிங்கில் 80 பேரில் 12 பேருக்குத் தோள்வலி, ஒரு தையல் லைனில் 30 பேரில் 9 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் செக்கிங் பெரிது. விகிதத்தில் அது 15 சதவீதம், தையல் லைன் 30. போய்ப் பார்க்க வேண்டிய இடம் தையல் லைன். ஸ்டூல் உயரம், பெடல் தூரம், கட்டிங் பண்டலை எந்தப் பக்கம் திரும்பி எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

தலைவலி மதியத்துக்கு மேல் கூடுகிறதா? கறை நீக்கும் ஸ்ப்ரே கன் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கரைப்பான் ஆவி ஃபினிஷிங்கில் இருப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் தரும். தனி மேசை, உறிஞ்சும் விசிறி இரண்டும் இருந்தால் பாதி மாத்திரை மிச்சம். நீர்க்கடுப்புக்கு முதலில் கேட்க வேண்டியது, எத்தனை தடவை பாத்ரூம் போனீர்கள் என்பது. டார்கெட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார்.

ஊசி விஷயத்தில் இறங்கிப் போகாதீர்கள். டைக்ளோஃபெனாக் தினம் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல. வயிறு, சிறுநீரகம் இரண்டும் அடிவாங்கும், வெயில் காலத்தில் உடம்பில் நீர் குறைந்திருந்தால் இன்னும் மோசம். எந்த மருந்தை, எந்த அறிகுறிக்கு, எத்தனை வேளை, எப்போது நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவது என்று ஆலை மருத்துவர் தேதியோடு கையெழுத்திட்ட நிலையான உத்தரவுத் தாள் உங்களிடம் இருக்க வேண்டும். அதில் இல்லாததை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சளிக்கு சி.பி.எம்., அவில் போன்ற தூக்கம் வரும் மாத்திரையைக் கட்டிங் மெஷின்காரருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கும் ஷிஃப்ட் நடுவில் கொடுக்கவே வேண்டாம்.

*ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை) எடுக்கிறேன். ஒரே ஆளுக்கு இன்று ஒரு ரிசல்ட், அடுத்த வாரம் வேறு. மெஷின் கோளாறா?*
– ஓ.எச்.சி. நர்ஸ், ஓசூர்

மெஷினை வருடம் ஒருமுறை காலிப்ரேட் செய்திருந்தால், பெரும்பாலும் கோளாறு நேரத்திலும் கையிலும்தான்.

நேரம் முதலில். சத்தத்தில் வேலை பார்த்துவிட்டு வரும் காது சில மணி நேரத்துக்கு மந்தமாக இருக்கும், பிறகு தேறும். அந்த மந்தத்தை அளந்தால் இல்லாத நோயை எழுதுவீர்கள். அடிப்படை அளவு எடுக்க 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்த காது வேண்டும். எனவே ஷிஃப்டுக்கு முன்பு, முடிந்தால் வார விடுப்பு முடிந்து வரும் காலை. முந்தின இரவு கோயில் திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாரா, இயர்ஃபோன் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாரா என்றும் கேட்டுவிடுங்கள். அறையில் ஏ.சி., மின்விசிறி அணைக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரெஸர் இருந்தால் அந்த அறையே ஆகாது.

பிறகு கை. ஆட்டோஸ்கோப்பில் காதைப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால், சீழ் இருந்தால், சளிக் காய்ச்சல் என்றால் இன்று வேண்டாம். கண்ணாடி, கம்மல், ஹேர் கிளிப் கழற்ற வேண்டும். சிவப்பு வலது காது, நீலம் இடது. ஹெட்ஃபோனின் நடுப்புள்ளி காதுத் துளைக்கு நேராக இருக்கும்படி நீங்களே மாட்டுங்கள். ‘சத்தம் நல்லா கேட்டா அழுத்துங்க’ என்று சொல்லக் கூடாது. ‘எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க, சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க’ என்று சொல்லுங்கள். உங்கள் கையும் முகமும் அவருக்குத் தெரியக் கூடாது.

நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸ், 40 டெசிபலில் தொடங்குங்கள். கேட்டால் 10 குறையுங்கள், கேட்காவிட்டால் 5 கூட்டுங்கள். ஏறி வரும்போது மூன்றில் இரண்டு தடவை கேட்ட மிகக் குறைந்த அளவுதான் விடை. பிறகு 2000, 3000, 4000, 6000, 8000. திரும்பவும் 1000. கடைசியில் 500. இரண்டு 1000-க்கும் வித்தியாசம் 5 டெசிபலுக்குள் இருந்தால் சரி. 10 வந்தால் சொன்னது புரியவில்லை என்று பொருள், திரும்ப விளக்கி முதலிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு ஒலியும் ஒன்றிரண்டு வினாடி, இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. தாளம் பிடித்துவிட்டால் கேட்காமலே அழுத்துவார்கள், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்கள் குறிப்பாக.

ரிசல்ட்டைப் படிப்பதற்கு வருவோம். சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக விழுந்து, 8000-இல் கொஞ்சம் எழும். ஆனால் ஒரு தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், சேர்ந்தபோது எடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். 2000, 3000, 4000 மூன்றின் சராசரியை ஒரே காதில் பாருங்கள். அப்போது 10, 15, 20 என்றால் சராசரி 15. இப்போது 15, 25, 40 என்றால் 26.7. கேட்கும் திறன் கிட்டத்தட்ட 12 டெசிபல் இறங்கியிருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் 30 நாளுக்குள் மறுசோதனை செய்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நம் விதி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 95 என்றால் 4 மணி நேரம் என்கிறது. 85-இலேயே காதடைப்பான் கொடுக்கத் தொடங்குவது நல்லது.

அந்த ஆளின் காதடைப்பானையும் அப்படியே பாருங்கள். ஃபோம் பிளக்கை மடக்காமல் ஒல்லியாக உருட்டி, எதிர்க் கையால் தலைக்குப் பின்னால் சுற்றிக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு 30 வினாடி பிடிக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டு இருந்தால் அது அலங்காரம்.

*ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல் பெண்கள் நெஞ்சு இறுக்கம் என்கிறார்கள். பி.எஃப்.டி. (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எடுத்தால் நார்மல். எப்படி?*
– செவிலியர், திண்டுக்கல்

எந்தக் கிழமை எடுத்தீர்கள்? பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸ், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் ஆரம்பத்தில் தெரியும். புத்தகங்களில் திங்கட்கிழமை நோய் என்று இருக்கும். நம் மில்களில் வார விடுப்பு ஆளுக்கு ஒரு கிழமை. ஒருவருக்கு வியாழன் லீவு என்றால் அவருக்கு வெள்ளிதான் திங்கள். எல்லோரையும் ஒரே நாளில் வரிசையில் நிற்க வைத்து ஊதச் சொன்னால் நார்மல் என்றுதான் வரும்.

அவரவர் முதல் நாளில் ஷிஃப்டுக்கு முன் ஒருமுறை, குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். முதல் வினாடியில் வெளியேறும் காற்று, அதாவது எஃப்.இ.வி.1, 5 சதவீதமோ 200 மில்லியோ குறைந்தால், அமெரிக்கப் பருத்தித் தூசி விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டியவர் அவர். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங்கில் உள்ளவர்களை முதலில் பாருங்கள், அங்கேதான் தூசி அதிகம்.

ஊதும் முறையும் சரியாக இருக்க வேண்டும். தினம் காலை 3 லிட்டர் சிரிஞ்சால் சோதியுங்கள், 2.91-க்கும் 3.09-க்கும் நடுவில் காட்ட வேண்டும். உயரம் செருப்பில்லாமல் அளக்க வேண்டும். மூன்று ஒழுங்கான ஊதல், அதில் சிறந்த இரண்டுக்கு வித்தியாசம் 150 மில்லிக்குள். எட்டுத் தடவைக்கு மேல் போகாதீர்கள், ஆள் களைத்துவிடுவார். தயங்கித் தொடங்குவது, முதல் வினாடியில் இருமுவது, பாதியில் நிறுத்துவது, குழாய் வாயில் நாக்கு அடைப்பது, இந்த நான்கும்தான் வழக்கமான பிழை. இருமலில் ரத்தம், அண்மையில் மாரடைப்பு, கண் அல்லது வயிறு அறுவை என்றால் ஊத விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, முதலில் சளிப் பரிசோதனை.

*பிரஸ் ஷாப்பில் விரல் துண்டானால் ஐஸில் போட்டு அனுப்புவது சரிதானே?*
– முதலுதவியாளர், கோவை

நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து, ஒட்டவைக்க முடியாமல் போகும். துண்டை உப்புநீர் என்று சொல்லும் நார்மல் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். பெயரும் விபத்து நேரமும் எழுதி ஆளோடு அதே வண்டியில் அனுப்புங்கள். நசுங்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், முடிவு சர்ஜனுடையது. கையில் அழுத்திக் கட்டி உயர்த்திப் பிடித்தாலே ரத்தம் நிற்கும். விரலைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரத்தைக் கழற்றுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் தராதீர்கள், மயக்கமருந்து கொடுக்க வேண்டிவரும்.

எங்கே அனுப்புவது என்பதை விபத்து நாளில் யோசிக்கக் கூடாது. கோவையில் கங்கா மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு போன்ற இடங்களின் எண்கள் சுவரில் இருக்கட்டும்.

இதைவிட ஏமாற்றும் காயம் ஒன்று உண்டு. கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே, ஹைட்ராலிக் குழாய் பீய்ச்சியடித்து விரல் நுனியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஒரு பேண்ட்எய்டு ஒட்டி லைனுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் புள்ளி வழியாகப் போன எண்ணெய் உள்ளங்கைவரை பரவி, விரலே எடுக்க வேண்டிவரும். எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் அன்றே, அப்போதே கை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

*தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தண்ணி கண்ணில் தெறித்தது. கழுவி அனுப்பியும் கண் கெட்டது. எங்கே தவறு?*
– வாசகர், ராணிப்பேட்டை

கழுவிய நேரம் போதாமல் இருக்கலாம். இமைக்குள் துகள் மிச்சம் இருந்திருக்கலாம். சுண்ணாம்பும் காஸ்டிக் சோடாவும் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். 15 நிமிடம் பொது விதி, காரத்துக்கு 30 நிமிடம் அல்லது பி.எச். (அமில-கார அளவு) சரியாகும்வரை. பாதிக்கப்பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, ஒருவர் இமைகளைப் பிரித்துப் பிடிக்க, விழியை நாலு பக்கமும் உருட்டச் சொல்லுங்கள். மேல் இமையைத் திருப்பி, நனைத்த பஞ்சுக் குச்சியால் துகளை வழித்தெடுங்கள். சுண்ணாம்பு ஒரு மணல் அளவு மிச்சம் இருந்தாலும் கரைந்துகொண்டே இருக்கும். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துக் கீழிமைக்குள் பி.எச். தாளை வைத்து நல்ல கண்ணோடு ஒப்பிடுங்கள். 7-க்கும் 7.5-க்கும் நடுவில் வராவிட்டால் மறுபடி கழுவ வேண்டும். வினிகர் ஊற்றி முறிக்கிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது.

கண் கழுவும் குழாய் 10 வினாடி நடைக்குள் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை திறந்து துருத் தண்ணியை வெளியேற்ற வேண்டும். ஏப்ரல், மே மாதம் மதியம் ஒரு மணிக்கு அதைத் திறந்து உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். தகர ஷெட்டுக்கு மேல் டேங்க், வெயிலில் குழாய். நீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது தரம். சுடுதண்ணியில் யாரும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். டேங்குக்கு நிழல், குழாய்க்கு உறை கேளுங்கள்.

தோல் ஷெட்டில் கண்ணைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று: கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். சோடியம் சல்ஃபைடோடு அமிலம் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்துக் கொல்லும். காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி இல்லாமல் நர்ஸும் இறங்கக் கூடாது.

*ஹெச்.ஆர். எல்லோருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டையும் மெயிலில் கேட்கிறார்.*
– பெயர் வேண்டாம், சென்னை

அவருக்குத் தேவை ஒரு வரி: தகுதி, கட்டுப்பாட்டோடு தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை. கட்டுப்பாடு என்றால் ‘ஆறு வாரம் 10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது’ என்று எழுதுங்கள். முதுகில் டிஸ்க் பிரச்சினை என்று எழுதத் தேவையில்லை. ஃபைல் பூட்டிலும் சாவி ஓ.எச்.சி.யிலும் இருக்கட்டும். தொழிலாளி தன் ரிப்போர்ட்டைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். சேரும்போதே எச்.ஐ.வி. சோதனை கேட்டால் 2017 சட்டத்தைக் காட்டுங்கள். வேலைக்கு அதை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

*சின்ன விபத்துகளை எழுத வேண்டாம், சிக் லீவு போடச் சொல்லுங்கள் என்கிறார்கள்.*
– ஓ.எச்.சி. பிரதர், காஞ்சிபுரம் மாவட்டம்

அப்படிச் செய்தால் நஷ்டம் தொழிலாளிக்கு என்பதைக் கணக்காகச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வேலைக் காயத்துக்கு 90. நோய் விடுப்புக்குச் சந்தா கட்டிய காலம் வேண்டும், வேலைக் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை. நாளை விரல் மடங்காமல் போனால் நிரந்தர ஊன உதவிக்கு இன்றைய விபத்துப் பதிவுதான் ஆதாரம். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்குத் திரும்ப முடியாத காயத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவிப்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே உள்ள கடமை. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததால் இந்தக் கடமை போய்விடவில்லை.

உங்கள் ரெஜிஸ்டரில் நடந்த நேரம், வந்த நேரம், காயம், அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் செய்தது, அனுப்பிய இடம் இவற்றை அன்றே மையினால் எழுதுங்கள். திருத்தம் என்றால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், வெள்ளை மை கூடாது. ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டை அனுப்புவது மேனேஜ்மென்ட் வேலை. நீங்கள் தகவல் கொடுத்த நேரமும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதும் ரெஜிஸ்டரில் இருக்கட்டும்.

*துரு குத்தினால் ஒவ்வொரு முறையும் டி.டி. ஊசியா?*
– ஃபிட்டர், அம்பத்தூர்

இல்லை. முழுத் தவணையும் போட்டவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருடம், அழுக்கான அல்லது ஆழமான காயம் என்றால் 5 வருடம் ஆகியிருந்தால் மட்டும். தேதி தெரியாததால்தான் எல்லோருக்கும் போடுகிறார்கள். ஐ.டி. கார்டின் பின்புறம் தேதியை எழுதி வையுங்கள். இப்போது போடுவது டெட்டனஸ் மட்டும் உள்ள பழைய டி.டி. (TT) அல்ல, டிப்தீரியாவும் சேர்ந்த டி.டி. (Td).

*வெல்டர்கள் நடு இரவில் கண் எரிச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து வருகிறார்கள். அப்போது யாரும் வெல்டிங் செய்யவில்லையே?*
– இரவு ஷிஃப்ட் நர்ஸ், திருச்சி

மதியம் பட்ட ஒளி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் மணல் கொட்டியது போல உறுத்தும். அதனால் பக்கத்தில் நின்ற ஹெல்ப்பரையும் கேளுங்கள். ஷீல்டு இல்லாமல் நிற்பவர் பெரும்பாலும் அவர்தான். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, குளிர்ந்த ஈரத்துணி, இருட்டு அறை, மசகுச் சொட்டு, உத்தரவுத் தாளில் இருந்தால் வலி மாத்திரை. உணர்விழக்கச் செய்யும் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். வலி தெரியாமல் கண்ணைத் தேய்ப்பார், கருவிழிப் புண் ஆறாது. ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் என்றால் ஒளி அல்ல, கிரைண்டிங் துகளாக இருக்கும். மேல் இமையைத் திருப்பிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் டாக்டர்.